ப்ராக் நகரில் ஒரு சனிக்கிழமையும், புனேயில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பும்

ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் ப்ராக் போக வேண்டி வந்தது. அஞ்சு நாளும் முழுக்க ஆணி. ஹோட்டல் விட்டா மீட்டிங் ரூம், மீட்டிங் ரூம் விட்டா ஹோட்டல். சனிக்கிழமை ஒரே ஒரு நாள்தான் நமக்குன்னு மிச்சம். தனியா சுத்தினா கட்டடம் தெரியும், கதை தெரியாது. அதனால காசு போனா போகுதுன்னு முழு நாள் கைடு டூருக்குப் பேர் கொடுத்துட்டேன்.

ஊர்க்கதைக்கு முன்னாடி வீட்டுக்கதை கொஞ்சம். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி புனேயில் எங்க வீட்டில் ஒரு சின்ன யுத்தம். பொண்ணுக்கு ஒன்பது வயசு. ஸ்கூலில் இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி மூணும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து அபார்ட்மெண்ட் மாமி ஒருத்தர் நாலஞ்சு பிள்ளைகளை உட்கார வெச்சு தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தர்றாங்க. அதுக்குப் போக மாட்டேன்னு அடம். "மலா நகோ"ன்னு மராத்தியில் ஒரே பதில். தங்கமணியும் அவ பக்கம் சாஞ்சாச்சு. "ஏங்க, மூணு மொழி போதாதா குழந்தைக்கு? நாம என்ன ஊருக்குத் திரும்பியா போகப் போறோம்? யாருக்காக இந்தத் தமிழ்?"

யாருக்காகன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியலை. "வந்து பேசிக்கலாம்"னு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்துடுச்சு.

சரி, ப்ராக்.

காலையில் பழைய நகரச் சதுக்கத்தில் ஒரு சிவப்புக் குடையைத் தேடிப் போனேன். குடைக்குக் கீழே தலை முழுக்க நரைச்ச ஓர் அம்மா. பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்களாம். நாங்க பன்னிரண்டு பேர். இந்தியன் நான் ஒருத்தன்தான்.

முதல் காட்சி வானியல் கடிகாரம். 1410இல் செஞ்சது. மணி அடிக்கும்போது ஓர் எலும்புக்கூடு பொம்மை கயிறை இழுக்கும், மேலே ரெண்டு ஜன்னல் திறந்து ஏசுவின் சீடர்கள் வரிசையா எட்டிப் பார்ப்பாங்க, கடைசியில் ஒரு தங்கச் சேவல் கூவும். அதோட முடிஞ்சது. கூட்டம் மொத்தமும் செல்ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுட்டு, "இவ்வளவுதானா?"ன்னு கலைஞ்சு போகுது :-)

ஆனா டீச்சரம்மா எங்களை விடலை. அதில் எத்தனை விதமான நேரம் காட்டுதுன்னு பாருங்கன்னு நிறுத்தி வெச்சுச் சொன்னாங்க. சூரியன், சந்திரன், ராசி மண்டலம் எல்லாம் அதில் நகருது. வெளி வட்டத்தில் இருப்பது பழைய செக் நேரம். நம்ம பாட்டிமார் சூரிய உதயத்தில் இருந்து நாழிகை எண்ணின மாதிரி, அவங்க சூரியன் மறையுறதில் இருந்து 24 மணியை எண்ணியிருக்காங்க. இப்படி ஒரு கடிகாரம் வேற ஊரில் வந்துடக் கூடாதுன்னு செஞ்சவரோட கண்ணைக் குத்திட்டாங்கன்னு ஒரு கதை உண்டு. கட்டுக்கதைதான். 1945 மே மாசம், போர் முடியப் போற கடைசி நாட்களில் ஜெர்மன் படை சுட்டதில் கடிகாரம் எரிஞ்சது நிஜம். 1948இல் மறுபடி ஓட விட்டிருக்காங்க.

அதே கட்டடத்தின் பக்கத்தில் தரையைக் காட்டினாங்க. கல் பாவின தரையில் வெள்ளையா 27 சிலுவைகள். தெரியாம அதில் ஒண்ணு மேலதான் நான் நின்னுட்டிருந்தேன். சட்டுனு நகர்ந்துட்டேன்.

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். சதுக்கத்தின் நடுவில் பெரிசா ஒரு சிலை இருக்கு. அவர் யான் ஹுஸ். லூதருக்கு நூறு வருஷம் முன்னாடியே திருச்சபையைக் கேள்வி கேட்ட பாதிரியார். 1402இல் இருந்து பெத்லஹேம் சேப்பல்னு ஒரு கோயிலில் மக்களுக்குப் புரியுற செக் மொழியில் பிரசங்கம் பண்ணினவர். செக் எழுத்தைச் சீர்திருத்தின ஒரு நூலும் அவர் பெயரில் சொல்லப்படுது. லத்தீன் எழுத்தில் இல்லாத ஒலிக்கெல்லாம் ரெண்டு மூணு எழுத்தைச் சேர்த்து எழுதாம, ஓர் எழுத்துக்கு மேல ஒரு புள்ளி வெச்சாப் போதும்கிற யோசனை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வெச்சுப் பழகின நமக்கு இது சட்டுனு புரியும். அந்தப் புள்ளிதான் பின்னாடி இன்னைக்கு செக் எழுத்துக்கள் மேல இருக்கிற குட்டிக் கொக்கி ஆச்சு. 1415 ஜூலை 6, கான்ஸ்டன்ஸ் நகரில் அவரை உயிரோட எரிச்சாங்க. சரியா 500 வருஷம் கழிச்சு, 1915இல் இந்தச் சிலையை வெச்சாங்க. அவர் வழி வந்தவங்களோட வாக்கியம் இன்னைக்கு செக் ஜனாதிபதியின் கொடியில் இருக்கு: "ப்ராவ்தா வீத்யெஸி". அதாவது உண்மை வெல்லும். எங்க மாநில அரசு முத்திரையிலும் இதேதான் இருக்குன்னு சொன்னேன். டீச்சரம்மா, "எங்களுக்கு அது வெல்லுறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. உங்களுக்கு எப்படி?"ன்னு கேட்டுட்டாங்க. சிரிச்சு மழுப்பிட்டேன்.

இப்போ சிலுவைக் கதை. 1618இல் செக் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் அரசருக்கு எதிரா எழுந்தாங்க. 1620 நவம்பர் 8, ஊருக்கு வெளியே வெள்ளை மலையில் நடந்த போரில் தோத்தாங்க. அதுவும் சில மணி நேரத்தில் முடிஞ்ச போர். 1621 ஜூன் 21, கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேருக்கு இந்தச் சதுக்கத்தில் மரண தண்டனை. அதில் 12 பேர் தலைகளை ஆற்றுப் பாலத்தின் கோபுரத்தில் தொங்க விட்டாங்க. பத்து வருஷம் அங்கேயே தொங்கிச்சாம்.

தலை போனது 27 பேருக்கு. அதைவிடப் பெரிசா போனது வேற. 1627இல் வந்த புது அரசியல் சட்டம் கத்தோலிக்கம் தவிர வேற மதத்துக்கு இடமில்லைன்னு ஆக்கிடுச்சு. ஜெர்மன் மொழிக்கும் செக் மொழிக்கும் சம அந்தஸ்துன்னு அதில் இருந்தது. கேட்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா? ஆனா படிச்ச பிரபுக்களும் பாதிரிமார்களும் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டு ஓடின பிறகு "சமம்"கிறதுக்கு என்ன அர்த்தம்? அப்படி ஓடினவர்களில் ஒருத்தர் கோமென்ஸ்கி. குழந்தைகள் படம் பார்த்து மொழி படிக்கிற புத்தகத்தை 1658இல் வெளியிட்டவர். கடைசி வரைக்கும் ஊர் திரும்பவே இல்லை, 1670இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்து போனார். 1784இல் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி ஜெர்மனையே ஆட்சி மொழின்னு ஆணை போட்டார். அந்தக் காலத்தில் செக் மொழி கிராமத்திலும், சந்தையிலும், வேலைக்காரங்க பேச்சிலும்தான் உயிரோட இருந்தது. பெரிய மனுஷங்க வீட்டு வரவேற்பறையில் ஜெர்மன், அடுப்படியில் செக்.

இதைக் கேட்டப்போ எங்க வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. எங்க வீட்டிலும் தமிழ் இருக்கிற இடம் அதுதான். "உப்பு போட்டியா?", "பால் பொங்குது பாரு" மட்டும் தமிழ்.

அடுத்து யூதர்கள் வாழ்ந்த யோசெஃபோவ் பகுதி. ஐரோப்பாவில் இன்னும் வழிபாடு நடக்கிற யூதக் கோயில்களில் ரொம்பப் பழசு இங்கேதான் இருக்கு, 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பக்கத்தில் பழைய இடுகாடு. வேற இடம் தராததால் ஒரு சமாதி மேல மண்ணைப் போட்டு இன்னொண்ணுன்னு அடுக்கடுக்கா புதைச்சிருக்காங்க. சுமார் 12,000 கல்லுகள் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது.

இடுகாட்டை ஒட்டி பிங்காஸ்னு ஒரு யூதக் கோயில். உள்ளே சிலை இல்லை, படம் இல்லை. சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்களும் தேதிகளும் கையால் எழுதியிருக்கு. 1950களில் எழுதினது. 1968இல் மூடி, கம்யூனிஸ்ட் ஆட்சி அதையும் அழிய விட்டுது. ஆட்சி மாறினதும் 1990களில் மறுபடி ஒவ்வொரு பெயரா எழுதினாங்க. மாடியில் தெரெசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைஞ்ச படங்கள். ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ்னு ஓர் ஓவிய ஆசிரியை, அவங்களும் கைதிதான், குழந்தைகளுக்குப் படம் வரையக் கத்துக் கொடுத்தாங்க. 1944 அக்டோபரில் அவங்களை ஆஷ்விட்சுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி சுமார் 4,500 படங்களை ரெண்டு பெட்டியில் ஒளிச்சு வெச்சிருக்காங்க. படங்கள் பிழைச்சுது. அவங்களும், வரைஞ்ச குழந்தைகளில் பெரும்பாலானவங்களும் பிழைக்கலை. வீடு, பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேஜைன்னு எல்லாம் நம்ம பிள்ளைங்க நோட்டில் இருக்கிற அதே படங்கள்தான். என்னால அங்கே ரொம்ப நேரம் நிக்க முடியலை.

அங்கே இருந்து ரெண்டு நிமிஷ நடையில் ஆற்றங்கரை. வல்தாவா நதி. கரையில் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவு கட்டடம். 1348இல் நான்காம் சார்லஸ் தொடங்கினது, மத்திய ஐரோப்பாவின் முதல் பல்கலைக்கழகம். அந்தச் சதுக்கத்துக்கு இப்போ யான் பாலாக் பெயர். இங்கே படிச்ச மாணவன். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் ஊருக்குள்ளே வந்த பிறகு, ஜனங்க சோர்ந்து போறதைப் பொறுக்க முடியாம 1969 ஜனவரி 16 அன்னைக்குத் தன்னையே எரிச்சுக்கிட்டவன். வயசு இருபதுதான். மூணு நாள் கழிச்சு இறந்து போனான்.

எனக்கு அந்தக் கட்டடத்தைப் பார்க்க இன்னொரு காரணம் இருந்தது. கமில் சுவெலபில் படிச்ச பல்கலைக்கழகம் இது. ப்ராக் நகரில் பிறந்து, இங்கே இருந்தே தமிழ் கத்துக்கிட்டு, சிலப்பதிகாரத்தை செக் மொழியில் பெயர்த்தவர். முருகனின் புன்னகைன்னு பெயர் வெச்சு 1973இல் ஆங்கிலத்தில் தமிழ் இலக்கியத்தைப் பத்தி எழுதினவர். நீலகிரி இருளர் மொழியையும் ஆராய்ஞ்சவர். 1968க்குப் பிறகு இவரும் நாட்டை விட்டுப் போனவர்தான். ஹாலந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரா இருந்து, 2009இல் ஃப்ரான்சில் காலமானார். அவர் போன பிறகும் இங்கே தமிழ்ப் பாடம் நிக்கலை, யாரோஸ்லாவ் வாசெக் மாதிரி ஆட்கள் சொல்லிக் கொடுத்திருக்காங்க. எங்க அப்பா தமிழாசிரியர். "வெள்ளைக்காரன் ப்ராக்ல உட்கார்ந்து சிலப்பதிகாரம் படிக்கிறான், நீ என்னடா திருக்குறளுக்கே தூங்குறே"ன்னு திட்டுவார். ப்ராக்கிற சொல்லை நான் முதலில் கேட்டதே அந்தத் திட்டில்தான்.

டீச்சரம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிஞ்சிருக்கலை. நோட்டை நீட்டி, "உங்க மொழியில் எழுதிக் காட்டுங்க"ன்னாங்க. கமில் சுவெலபில்னு தமிழில் எழுதினேன். எழுத்தை ரசிச்சுப் பார்த்துட்டு, "வீட்டில் குழந்தைங்க இருக்காங்களா? அவங்களும் இதை எழுதுவாங்களா?"ன்னு கேட்டாங்க. "எழுதுவா"ன்னு சொல்லிட்டேன். பொய் சொன்னாப்புல இருந்தது.

பிறகு சார்லஸ் பாலம். முன்னே இருந்த கல் பாலத்தை 1342 வெள்ளம் கொண்டு போனதால் 1357இல் இதைத் தொடங்கினாங்க. 1357ஆம் வருஷம், 9ஆம் தேதி, 7ஆம் மாசம், காலை 5 மணி 31 நிமிஷத்துக்கு அடிக்கல் நாட்டினாங்களாம். சேர்த்து எழுதினா 135797531, முன்னாடி இருந்து படிச்சாலும் பின்னாடி இருந்து படிச்சாலும் ஒண்ணு. நல்ல நேரம் பார்க்கிறது நம்ம ஊரில் மட்டும்னு நினைச்சா... :-) நீளம் 516 மீட்டர், 16 வளைவுகள். 30 சிலைகள் பின்னால் வந்தவை, பெரும்பாலும் 1683இல் இருந்து 1714க்குள் வெச்சது. 1890 வெள்ளத்தில் மூணு வளைவு இடிஞ்சது. 2002 ஆகஸ்டில் ஊரின் மெட்ரோவையே முழுக வெச்ச வெள்ளத்தில் பாலம் தப்பிச்சது. தலைகள் தொங்கின கோபுரத்துக்குக் கீழேதான் இப்போ எல்லாரும் ஃபோட்டோ எடுத்துக்கிறாங்க. நானும் எடுத்துக்கிட்டேன்.

மேலே கோட்டை. உள்ளே புனித வீட்டஸ் தேவாலயம், 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடிச்சாங்க. ரிங் ரோட்டுக்கு அலுத்துக்கிற புனேக்காரங்க கவனிக்கவும். பழைய அரண்மனையில் ஒரு ஜன்னல். 1618 மே 23, அரசரின் ஆளுநர்கள் ரெண்டு பேரையும் ஒரு குமாஸ்தாவையும் பிரபுக்கள் இது வழியாத்தான் வெளியே தூக்கி எறிஞ்சாங்க. மூணு பேரும் பிழைச்சுட்டாங்க. மாதா தாங்கிப் பிடிச்சாங்கன்னு கத்தோலிக்கர் சொன்னாங்க. குப்பைமேட்டில் விழுந்தாங்கன்னு எதிராளிகள் சொன்னாங்க. அந்த ஜன்னலில் தொடங்கினதுதான் ஐரோப்பாவையே நாசமாக்கின முப்பது வருஷப் போர்.

மதியச் சாப்பாட்டுக்கு சைவத்துக்குப் பெரிசா ஒண்ணும் இல்லை. பாலாடைக்கட்டியை மாவில் புரட்டிப் பொரிச்சுத் தர்றாங்க, உருளைக்கிழங்கோட. பசிக்கு ஓகே.

சாயந்திரம் 22ஆம் நம்பர் டிராமில் கீழே இறங்கி நரோத்னி தெரு. ஒரு கட்டட நடைபாதையின் சுவரில் வெண்கலத்தில் சில கைகள், கீழே 17.11.1989ன்னு ஒரு தேதி. 1939 நவம்பர் 17இல் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை எல்லாம் மூடி, ஒன்பது பேரைக் கொன்னு, 1,200 மாணவர்களை முகாமுக்கு அனுப்பினாங்க. அதோட ஐம்பதாவது நினைவு நாளில் ஊர்வலம் போன மாணவர்களை 1989இல் போலீஸ் இந்தத் தெருவில் அடிச்சுது. அடுத்த ஆறு வாரத்துக்குள்ளே ஆட்சி கவுந்து, டிசம்பர் 29 அன்னைக்கு, ஜெயிலுக்குப் போன நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் ஜனாதிபதி. சுவெலபில் பிறந்த தேதியும் நவம்பர் 17தான், வருஷம் 1927. பல்கலைக்கழகங்களை மூடின அன்னைக்கு அவருக்குப் பன்னிரண்டு வயசு நிறைஞ்சிருக்கும்.

தெருக்கோடியில், ஆற்றைப் பார்த்த மாதிரி தேசிய நாடக அரங்கம். டீச்சரம்மா இதைக் கடைசிக்கு வெச்சிருந்ததுக்குக் காரணம் இருந்தது. அடுப்படிக்குப் போன மொழி மேடைக்குத் திரும்பின இடம் இது.

இந்த மொழிக்கு முதலில் நல்ல இலக்கணம் எழுதினவர்களில் ஒருத்தர் தோப்ரோவ்ஸ்கி. ஆனா அவர் எழுதினது ஜெர்மனிலும் லத்தீனிலும். செக் மறுபடி இலக்கிய மொழி ஆகும்னு அவருக்கே நம்பிக்கை இல்லை. அடுத்து வந்த யுங்மன் 1834 முதல் 1839 வரை அஞ்சு பாகத்தில் ஓர் அகராதி கொண்டு வந்தார். இல்லாத சொல்லுக்குப் பக்கத்து ஸ்லாவிய மொழிகளில் கடன் வாங்கினார், புதுசாவும் உண்டாக்கினார். செக் இசையின் தந்தைன்னு சொல்லப்படுற ஸ்மெதனா ஜெர்மன் பேசி வளர்ந்தவர். முப்பது வயசுக்கு மேலதான் செக்கில் ஒழுங்கா எழுதக் கத்துக்கிட்டார்.

1868இல் அரங்கத்துக்கு அடிக்கல். ஊர் ஊரா வசூல். 1881 ஜூனில் ஸ்மெதனாவின் இசை நாடகத்தோட திறந்தாங்க. ஆகஸ்ட் 12 அன்னைக்குத் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. ஜனங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? 47 நாளில் பத்து லட்சம் குல்டன் மறுபடி வசூல் பண்ணிட்டாங்க. 1883 நவம்பர் 18 மறுபடி திறப்பு. மேடைக்கு மேலே எழுதியிருக்கு: "நரோத் ஸோபியே". தேசம் தனக்குத்தானே கொடுத்துக்கிட்டதுன்னு அர்த்தம்.

அடித்தளத்தில் பல ஊர்களில் இருந்து வந்த அடிக்கல்லுகள் இருக்கு. அதில் ஒண்ணு அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன சிகாகோ செக்காரங்க அனுப்பினது. ரத்தம் சேர்த்ததைக் கடல் பிரிக்காதுங்கிற அர்த்தத்தில் ஒரு வாசகம் அதில் இருக்காம். அவங்களும் ஊருக்குத் திரும்பப் போறவங்க இல்லை. இந்த அரங்கத்தில் நாடகம் பார்க்கப் போறதும் இல்லை. ஆனாலும் ஒரு கல்லைக் கொடுத்திருக்காங்க. "யாருக்காக?"ன்னு அவங்க வீட்டிலும் யாராவது கேட்டிருப்பாங்க.

எனக்கு உற்சாகம் தாங்கலை. "கடைசியில் ஜெயிச்சுட்டீங்க"ன்னு டீச்சரம்மாகிட்ட சொன்னேன். அவங்க குடையை மடக்கிட்டு மெதுவா சொன்னாங்க: "பாதிதான். என் பாட்டி காலத்தில் இந்த ஊரில் செக்காரங்க, ஜெர்மன்காரங்க, யூதர்கள் எல்லாரும் இருந்தாங்க. காஃப்கா இங்கே பிறந்தவர், எழுதினது ஜெர்மனில். யூதர்களை நாஜிகள் கொன்னாங்க. போர் முடிஞ்சதும் ஜெர்மன் பேசினவங்களை நாங்க துரத்தினோம். இன்னைக்கு காஃப்கா திரும்பி வந்தா, அவர் மொழியில் பேச டூரிஸ்ட்தான் கிடைப்பாங்க."

அது உண்மைதான். 1945க்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்து வெளியேத்தின ஜெர்மானியர் சுமார் முப்பது லட்சம் பேர். காஃப்கா 1924இல் இறந்துட்டார், அவரோட மூணு தங்கைகளும் நாஜிகள் கையில் செத்தாங்க. மொழியைக் காப்பாத்தின கதையைச் சொன்ன அதே வாயால இதையும் மறைக்காம சொன்னாங்களே, அதுக்காகவே அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு.

ராத்திரி ஹோட்டலில் பெட்டி கட்டும்போது யோசிச்சேன். எங்க வீட்டுச் சண்டையில் நான் மராத்தியை எதிரி மாதிரி பார்த்திருக்கேன். "மலா நகோ"ன்னு அவ சொன்னப்போ எனக்குக் கோபம் வந்தது அவ மறுத்ததுக்கு இல்லை, மறுத்த மொழிக்கு. பதினொரு வருஷமா சோறு போடுற ஊர். எனக்கு இன்னும் ரிக்‌ஷாக்காரர்கிட்டப் பேசுற அளவு மராத்திதான் தெரியும். நான் ஒரு மொழி கத்துக்க மாட்டேன், அவ மட்டும் நாலு கத்துக்கணும்!

திங்கட்கிழமை ராத்திரி பொண்ணுகிட்ட சிகாகோ கல் கதையைச் சொன்னேன். எரிஞ்சு போனதும் திரும்பக் கட்டினாங்கங்கிறது அவளுக்குப் பிடிச்சிருந்தது. "47 நாளா? நம்ம சொசைட்டி லிஃப்ட் ரிப்பேருக்கே மூணு மாசம் ஆச்சே"ன்னா. எந்த மொழியில் சொன்னாள்னு கவனிக்கவே இல்லை, பாருங்க. அப்புறம் ஓர் ஒப்பந்தம் போட்டோம். ஞாயிறு காலை அவ மாமி வகுப்புக்குப் போவா. சாயந்திரம் அரை மணி நேரம் எனக்கு மராத்தி எழுதச் சொல்லித் தருவா. தங்கமணி, "மூணு மாசம் ஓடுதான்னு பார்ப்போம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

இப்போதைக்கு ஏழு ஞாயிறு ஆச்சு. அவ தமிழில் "ழ"வும் "ள"வும் இன்னும் குழப்புறா. நான் மராத்தி டிக்டேஷனில் பத்துக்கு நாலு. டீச்சர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். போன வாரம் நோட்டில் சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதியிருந்தா. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மராத்தியில் இல்லை, தமிழில்: "அப்பா கவணம் போதாது."

'ன'வில் தப்பு. திருத்த மனசு வரலை.